வேலைக்கு வருகிறவளிடம் முதல் நாள் சொல்ல வேண்டியது

என் கண்ணான மகனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன். முழங்கால் வலியை மட்டும் விசாரிக்காதே. அது தன் இஷ்டத்துக்கு வரும், தன் இஷ்டத்துக்குப் போகும். போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணியபோது, அடுத்த மாதத்திலிருந்து வீட்டு வேலைக்கு ஒரு அம்மா வரப்போகிறார்கள், எங்கள் இரண்டு பேருக்கும் இதில் ஒன்றும் தெரியாது, என்ன கேட்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு என்றாய். பக்கத்திலிருந்து மருமகள், "பத்து பாயிண்ட் போதும் அத்தை" என்று சிரித்தாள். நானும் பத்து வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். பாதியில் பேனா நின்றுவிட்டது. மூன்று நாளாக அந்தத் தாள், இங்கே நான் இருக்கிற உன் மாமா வீட்டு மேசையில் கிடந்தது. இன்று அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். பத்து வரியில் அடங்குகிற சமாசாரம் இல்லை. பொறுமையாகப் படி.

இன்னொன்றுக்கும் நான் உனக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நந்தனத்தில் நீ வாங்கிய மூன்றாம் மாடி வீட்டில் பால் காய்ச்சினோமே, அன்றைக்கு ஒரு மாதம் இருக்கிற மாதிரி பெட்டி கட்டிக்கொண்டு வந்தவள், மறுநாளே பாளையங்கோட்டைக்கு ரயில் ஏறிவிட்டேன். "வீடு பிடிக்கலையா, இல்ல இவளைப் பிடிக்கலையா?" என்று ஸ்டேஷனில் வைத்துக் கேட்டாய். உன் முகம் சுண்டிப்போயிருந்தது. இரண்டும் இல்லை ஐயா. பின்பக்கத்து பால்கனியில் துணி காயப்போடப் போனேன். கீழே மதில், மதிலுக்கு அப்பால் புதர், புதருக்கு அப்பால் அடையாறு. எனக்கு அந்தக் கரை தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் என்னால் சோறு தின்ன முடியவில்லை. ஏன் என்று உனக்கு நான் இதுவரை சொன்னதில்லை. உன் அப்பாவுக்குத் தெரியும், அவரும் போய்விட்டார்.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த அத்தைக்கு என்ன ஆயிற்று என்று மருமகள் நினைப்பாள். வருகிறவள் முதல் வாரம் சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னால் வருவாள். இரண்டாவது வாரம் சொன்ன நேரத்துக்கு வருவாள். அதற்குப் பிறகு அவள் வருவதுதான் நேரம். கோபப்படாதே, உன் வீட்டுக்கு முன்னால் அவளுக்கு இரண்டு வீடு, பின்னால் இரண்டு வீடு, இதெல்லாம் போக அவள் வீடு என்று ஒன்று இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் பெருக்க வேண்டுமென்றால் நீ எழுந்து கட்டிலை நகர்த்திக் கொடு, வாயால் நகர்த்தாதே. தோசைக்கல்லைத் தேய்க்கப் போட வேண்டாம் என்று மருமகள் முன்கூட்டியே சொல்லிவிடட்டும். பாவம், நல்லது செய்கிறேன் என்று பளபளவென்று தேய்த்து வைத்துவிடுவாள், அப்புறம் பத்து நாளைக்குத் தோசை எழும்பாது. எதையாவது கீழே போட்டு உடைத்தால், என்ன உடைந்தது என்று கேட்பதற்கு முன்னால் கையில் பட்டதா என்று கேள். காப்பியை வந்த உடனே கொடு, கிளம்பும்போது இல்லை. நீங்கள் குடிக்கிற டம்ளரிலேயே கொடு. சம்பளத்தை நீங்களே பேசிக்கொள்ளுங்கள், அதற்கு நான் எதற்கு. இவ்வளவையும் எழுதி முடித்து, அடுத்ததாக 'லீவு' என்று எழுதினேன். அங்கேதான் பேனா நின்றது.

நீ பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், அறுபதுகளின் கடைசியில், நானும் உன் அப்பாவும் தி.நகரில் உஸ்மான் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் பின்கட்டு போர்ஷனில் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பாண்டி பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. காலையில் போனால் கடை சாத்தித்தான் வருவார். எனக்கு மெட்ராஸும் புரியவில்லை, மெட்ராஸ் பாஷையும் புரியவில்லை. முன்கட்டில் இருந்த வீட்டுக்கார மாமிதான் எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். வேலைக்காரியை எப்படி வைத்துக்கொள்வது என்பதும் மாமி சொல்லிக் கொடுத்ததுதான். "லீவு கேட்டா உடனே சரின்னுடாதே, பதிலாள் அனுப்புன்னு சொல்லு. ஆத்துல விசேஷம்னா அன்னிக்கு லீவே கெடையாதுன்னு கறாரா சொல்லிடு. அவா ஆத்துல சாவு கீவு நடந்துதுன்னா பதினாறு நாள் உள்ள விடாதே. வேற ஆளைப் பாத்துண்டுடு." சந்தில் இருந்த ஆறு வீட்டுக்கும் இதுதான் சட்டம். பதினாறு நாள் தீட்டுக் கழித்து, தலை முழுகிவிட்டு வந்து நிற்கிறவளுக்கு வேலை இருக்காது. நாங்கள் யாரும் அவளைப் போகச் சொல்லி இருக்க மாட்டோம். அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான்.

அஞ்சலை என்னிடம் வந்ததே அப்படித்தான். அவளுக்கு முன்னால் முனியம்மா என்று ஒருத்தி இருந்தாள். அவள் மாமியார் செத்துப்போனாள். முனியம்மா பதினாறு நாள் கழித்து வந்தபோது கொல்லைக் குழாயடியில் அஞ்சலை உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முனியம்மா வாசற்படியிலேயே நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். அஞ்சலை தலையை நிமிர்த்தவில்லை. நான் சமையலறையில் ஏதோ வேலை இருக்கிற மாதிரி அங்கேயே நின்றுகொண்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள். அஞ்சலையும் ஞாபகம் வைத்திருந்தாள்.

அவளுக்கு அப்போது இருபது வயதுகூட இருக்காது. புருஷன் ரிக்‌ஷா இழுத்தான். வீடு நந்தனத்துக்குப் பின்னால் ஆற்றங்கரையில் ஒரு குடிசை. அங்கிருந்து நடந்தே வருவாள். வாய் ஓயாது. கேட்க ஆள் இல்லாவிட்டால் பாத்திரத்தோடு பேசுவாள். தேய்ப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் சிறிசு பெரிசாகப் பிரித்து வைத்துக்கொண்டு, கடைசியில் சோற்று அண்டாவை இழுக்கும்போது, "வா நைனா, உனுக்குத்தான் காத்துகினு கீறேன்" என்பாள். எனக்குச் சிரிப்பு வரும், காட்டிக்கொள்ள மாட்டேன். நீ வயிற்றில் இருந்தபோது அவளும் மாசமாக இருந்தாள். ஒன்பதாம் மாதம் வரை குனிந்து பெருக்கினாள். பிரசவத்துக்குத் தங்கச்சியைப் பதிலாளாக அனுப்பிவிட்டு, ஒரே மாதத்தில் திரும்பி வந்துவிட்டாள். அவளுக்கும் பையன். ஏழுமலை என்று பெயர் வைத்தாள். உனக்கும் அவனுக்கும் இருபது நாள்தான் வித்தியாசம்.

அவனைக் கூடவே தூக்கிக்கொண்டு வருவாள். கொல்லையில் முருங்கை மரத்தடியில் சாக்கை விரித்து உட்கார வைத்துவிட்டு வேலை பார்ப்பாள். நீ தவழ ஆரம்பித்ததும் கொல்லை வாசலில் ஒரு பலகையைக் குறுக்கே நிறுத்தினேன். நீ இந்தப் பக்கம் பலகையைத் தட்டுவாய். அவன் அந்தப் பக்கம் தவழ்ந்து வந்து தட்டுவான். இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சிரிப்பு. நான் ஓடிவந்து உன்னைத் தூக்கிக்கொள்வேன். மண், சளி என்று ஏதாவது காரணம் சொல்லுவேன். உனக்குப் பத்தாமல் போன ஒரு நீலச் சட்டையை ஒரு நாள் அவளிடம் கொடுத்தேன். அப்பா கடையிலிருந்து கொண்டுவந்த பாப்ளின் துண்டில் நானே தைத்தது. காலரைச் சுற்றி வெள்ளை நூலில் சங்கிலித் தையல் போட்டிருப்பேன். அங்கேயே அவனுக்கு மாட்டிவிட்டுத் தூக்கிக் காட்டினாள். "தோ பாரும்மா, உன் புள்ள மாரியே கீறான்." எனக்கு அது பிடிக்கவில்லை. உள்ளதைச் சொல்ல உட்கார்ந்துவிட்டேன், இதையும் சொல்லத்தான் வேண்டும்.

உன் முதல் பிறந்தநாளை ஒட்டிக் காதுகுத்து வைத்தோம். திருநெல்வேலியிலிருந்து சொந்தக்காரர்கள் பன்னிரண்டு பேர் ரயிலில் வந்து இறங்கினார்கள். ஒரு வாரம் முன்னாலேயே அஞ்சலையிடம் சொல்லிவிட்டேன்: "வெள்ளிக்கிழமை காதுகுத்து. விடியுமுன்ன வந்துரணும். அன்னைக்கு வரலேன்னா பெறகு நீ வரவே வேண்டாம், பாத்துக்கோ. முனியம்மாவ மறந்துராத." அவள் சிரித்தாள். "நான் எங்கம்மா போவப்போறேன்? உன் புள்ளைக்கு வாசக்கோலம் நாந்தான் போடுவேன், வேற எவளாவது கைய வெச்சா ஒதப்பேன்."

புதன்கிழமை அவள் பேச்சு குறைந்திருந்தது. "புள்ளைக்கு வவுறு சரியில்லம்மா. வாந்தியும் பேதியுமா போய்கினே கீது" என்றாள். ஓமத்தண்ணீர் கொடுத்தேன். வியாழக்கிழமை அவனைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். மத்தியானம், "ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவணும்மா, நான் கெளம்பட்டா?" என்று கேட்டாள். வீடு முழுக்க ஆள், மறுநாள் சமையலுக்கு மாமி வீட்டிலிருந்து வாங்கிய அண்டாக்கள் பரணிலிருந்து இறக்கியபடி களிம்பேறிக் கிடந்தன. "அதையெல்லாம் தேச்சுப் போட்டுட்டுப் போ" என்றேன். அவள் மறு பேச்சுப் பேசவில்லை. அண்டாவிடமும் பேசவில்லை. வேகவேகமாகத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் சந்தில் ஓடியது எனக்குத் தெரியும். அப்போது மணி நாலரை இருக்கும். இரண்டு மணிக்கே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. டாக்டர்களுக்கும் தெரிந்திருக்காது என்று உன் அப்பா பலமுறை சொன்னார்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்னால் கதவைத் திறந்தேன். அஞ்சலை வாசல் தெளித்து முடித்திருந்தாள். அவ்வளவு பெரிய கோலத்தை அந்தச் சந்தில் யாரும் போட்டதில்லை. காவி தீட்டி, ஒரு இழைகூடப் பிசகாமல் இருந்தது. என் நாத்தனார் வெளியே வந்து பார்த்துவிட்டு, "இப்படி ஒருத்தி எங்களுக்கு அமையலையே" என்றாள். எனக்குப் பெருமை. அவள் கண் சிவந்திருந்தது. "என்ன, கண்ணு இப்படிச் செவந்து கெடக்கு?" என்று கேட்டேன். "கண்ணு வலிம்மா" என்றாள். அப்போது ஊரில் கண்வலி பரவிக்கொண்டிருந்த நேரம். "அப்பம்னா பிள்ளை பக்கத்துல வந்துராத" என்றேன். "வரமாட்டேம்மா" என்றாள். ஏழுமலைக்கு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. மறந்துவிட்டேன் என்று ரொம்ப காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. கேட்டால் லீவு கேட்டுவிடுவாளோ என்று கேட்கவில்லை.

அன்று முழுக்க அவள் கொல்லையை விட்டு நகரவில்லை. எப்போதும் உன் கன்னத்தைக் கிள்ளாமல் போகாதவள், உன்னை மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தும்போது எல்லோரும் கூடத்துக்கு ஓட, அவள் மட்டும் குழாயடியிலேயே இருந்தாள். நீ வீறிட்டாய். திரும்பிப் பார்த்தேன், அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். பந்தி பந்தியாக எச்சில் பாத்திரம் வந்துகொண்டே இருந்தது. மத்தியானம் வெற்றிலைத் தட்டு எடுக்கப் போனபோது அவள் ரவிக்கை முன்பக்கம் நனைந்திருப்பதைப் பார்த்தேன். "தண்ணிய மேல கொட்டிக்கிட்டியா?" என்றேன். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, "ஆமாம்மா" என்றாள். நானும் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள்தான். எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் பால் பாயசம் மிஞ்சியிருந்தது. ஒரு சின்னத் தூக்கில் ஊற்றி, "ஏழுமலைக்குக் குடு" என்று நீட்டினேன். அவள் உடனே வாங்கவில்லை. தூக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்து, "வாங்கிக்கோ, பிள்ளை குடிக்கட்டும்" என்றேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலையில் தூக்கைப் பளிச்சென்று தேய்த்துக் கொண்டுவந்து வைத்தாள். "பிள்ளை குடிச்சானா?" என்று கேட்டேன். "குடிச்சாம்மா" என்றாள். அந்த ஒரு வார்த்தை இருபத்தாறு வருஷமாக என் காதில் இருக்கிறது.

பத்து நாள் கழித்து உனக்குக் காய்ச்சல் வந்தது. அனலாகக் கொதித்தாய். அன்று காலையில் வாசலுக்கு வந்த பூக்காரம்மா, அவளும் அதே ஆற்றங்கரைதான், பூவை அளந்துகொண்டே சொன்னாள்: "உங்க வூட்ல வேல செய்றாளே அஞ்சல, பாவம்மா, காதுகுத்துக்கு மொத நாள் சாய்ங்காலம் புள்ள பூட்ச்சி. ஆஸ்பத்திரி வாசல்லியே பூட்ச்சாம். அன்னிக்கே கரையாண்ட பொதச்சிட்டாங்க. நீங்க குடுத்த நீலச் சட்டையப் போட்டு, ராசா மாரி இருந்தான்." பூவை வாங்காமல் உள்ளே வந்துவிட்டேன். மாமியிடம் சொன்னேன். மாமி முகம் வெளுத்துப்போயிற்று. "ஐயையோ, உசுரோட இருக்கற கொழந்தையோட துணி மண்ணுக்குள்ள போகப்படாதுடி. எப்படியாவது திருப்பி வாங்கிடு" என்றாள். மாமி மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. அவள் சொன்னாள், அவ்வளவுதான். போய்ப் பேசிய வாய் என்னுடையது.

அஞ்சலை குழாயடியில் இருந்தாள். கையில் புளியும் சாம்பலும். "காதுகுத்து அன்னைக்கு உன் பிள்ளை செத்துப் போயிருந்தானா?" என்று கேட்டேன். அவள் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"ஆமாம்மா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வுட்டிருப்பியாம்மா? பதினாறு நாள் வராதேன்னு சொல்லியிருப்ப. பதினாறு நாள் களிச்சி வந்தா இங்க எவளாவது குந்திகினு தேச்சிகினு இருப்பா. நான் இங்க வந்த கத எனக்குத் தெரியாதா?"

"எம் பிள்ளை நல்ல காரியத்துல தீட்டோட வந்து நின்னிருக்கியே, நீ வெளங்குவியா?"

"உன் புள்ளகிட்ட நான் வந்தனாம்மா அன்னிக்கி? ஊட்டுக்குள்ள கால வெச்சனா? கோலத்தப் போட்டுட்டு கொல்லையோட குந்திக்கினேன். நீயே சொல்லு."

வாஸ்தவம். ஒரு நாள் முழுக்க அவள் தன்னை உன்னிடமிருந்து தள்ளி வைத்துக்கொண்டிருக்கிறாள், உனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று. அது எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. புரிந்ததால்தான் கோபம் இன்னும் ஏறியது. பதில் இல்லாதவளுக்குத்தான் குரல் உயரும். உள்ளே நீ முனகிக்கொண்டிருந்தாய். "சட்டை எங்க?" என்று கத்தினேன்.

"இன்னா சட்டை?"

"நான் குடுத்த நீலச் சட்டை."

"அத்த போட்டுத்தாம்மா எட்த்துகினு போனோம். அவனுக்கு இருந்ததுல அதான் நல்ல துணி."

ஐயா, அதற்குப் பிறகு நான் சொன்னதை எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதாவிட்டால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தம் இல்லை. "தோண்டி எடுத்துட்டு வா. எம் பிள்ளை சட்டை எனக்கு வேணும்" என்றேன். ஒரு தாயைப் பார்த்து, பெற்ற பிள்ளையை மண்ணில் வைத்துப் பதினாறு நாள்கூட முழுதாக ஆகாதவளைப் பார்த்து, அப்படிச் சொன்னேன். நான்தான், உன் அம்மாதான் சொன்னேன்.

அவள் அழவில்லை, திட்டவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, மீதி இருந்த பாத்திரங்களையும் தேய்த்தாள். ஒவ்வொன்றாகக் கழுவி, சிறிசு பெரிசாகக் கவிழ்த்து வைத்தாள். குழாயை இறுக்கி மூடினாள். போய்விட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் துவைக்கிற கல்லின் மேல் அந்தச் சட்டை இருந்தது. துவைத்து, காயவைத்து, நாலாக மடித்து, காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு சின்னக் கல் வைத்திருந்தது. யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. கையில் எடுத்துப் பிரித்தேன். நான் போட்ட அதே சங்கிலித் தையல். காலர் மடிப்பை விரலால் நீவியபோது உள்ளேயிருந்து கொஞ்சம் பொடி மணல் உதிர்ந்தது.

உனக்குக் காய்ச்சல் அதற்கு முந்தின நாளே இறங்கிவிட்டது. தொண்டைப் புண் என்று சொல்லி டாக்டர் ஊசி போட்டிருந்தார். சட்டை வருவதற்கு முன்னாலேயே நீ கஞ்சி குடித்துவிட்டாய்.

உன் அப்பாவிடம் அன்று ராத்திரியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்தச் சட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, "அவன்மேல வேற சட்டை இருந்திருக்கும். கோவத்துல இததான்னு சொல்லியிருப்பா. ஆத்துல துவைச்சு மணல்ல காயப்போட்டிருப்பா, அதான் மணல்" என்றார். எனக்காகத்தான் அப்படிச் சொன்னார். நானும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கிப் பார்த்தேன். பகலில் நம்ப முடியும். பாத்திரம் கவிழ்க்கிற சத்தம் எங்காவது கேட்டால் போதும், நம்ப முடியாது. அந்த நாளில் வீட்டு வாசலுக்கே மாட்டை ஓட்டிவந்து பால் கறப்பார்கள். செத்துப்போன கன்றின் தோலில் வைக்கோலை அடைத்து மாட்டின் முன்னால் நிறுத்துவான் எங்கள் பால்காரன்; அது அதை நக்கிக்கொண்டே பால் சுரக்கும். நனைந்திருந்த அந்த ரவிக்கை எனக்கு அப்போதுதான் விளங்கியது. பால்காரனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு பாட்டில் பாலுக்கு மாறினேன். உன் பிறந்தநாளுக்கு ஏன் எப்போதும் கேசரியே செய்கிறாய், பாயசம் வைக்கக் கூடாதா என்று கேட்பாயே, அதற்கும் இதுதான் பதில்.

அவளைத் தேடிப்போக எனக்கு நாலு வருஷம் ஆயிற்று. வெட்கமா, பயமா, இரண்டும்தான். நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம், உன்னை வகுப்பில் விட்டுவிட்டு, அப்படியே ரிக்‌ஷா பிடித்து நந்தனத்துக்குப் போனேன். கரையில் ஒரு குடிசை இல்லை. எல்லோரையும் லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிட்டார்கள் என்றார்கள். எங்கே என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. திரும்பி வரும்போது பனகல் பார்க் பக்கத்தில் அந்தப் பழைய பூக்காரம்மா கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அஞ்சலை எங்கே என்று கேட்டேன். "எங்க கீறாளோ, யாரு கண்டாம்மா" என்றவள், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "ரெண்டாம் நாளு பால் ஊத்தணும் இல்ல? பாலுக்கு எங்க போவா அவ? உங்க வூட்ல குடுத்த பாயசத்தத்தான் எட்த்தாந்து மண்ணு மேல ஊத்துனா. குட்ச்சிக்கடா நைனா, குட்ச்சிக்கடான்னு சொல்லிகினே ஊத்துனா. நாங்கல்லாம் நின்னுகினு இருந்தோம்."

"பிள்ளை குடிச்சானா?" என்று நான் கேட்டபோது, "குடிச்சாம்மா" என்று அவள் சொன்னது பொய் இல்லை.

சட்டையைப் பற்றி அந்தப் பூக்காரம்மாவுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். அதை மட்டும் நான் கேட்கவில்லை. இன்றுவரை யாரையும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு நீ ஒருவனாக வளரவில்லை. ஒன்றாம் வகுப்பு யூனிஃபார்முக்கு உன்னை அளவெடுக்கும்போது இன்னொருவனுக்கும் என் கண் அளவெடுக்கும். உனக்கு மீசை அரும்பியபோது அவனுக்கும் அரும்பியிருக்கும் என்று நினைத்தேன். உன் கல்யாணத்தில், நீ மணவறையில் உட்கார்ந்திருந்தபோது, மண்டபத்துக் கொல்லைப்பக்கம் அம்மா ஏன் அடிக்கடி போனாள் என்று நீ கவனித்திருக்க மாட்டாய். அங்கே அண்டா தேய்த்துக்கொண்டிருந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அஞ்சலைக்கு இப்போது ஐம்பது நெருங்கியிருக்கும். எதிரே வந்து நின்றாலும் எனக்கு அடையாளம் தெரியுமோ என்னவோ.

ஆக, நீ கேட்ட தாளில் ஒன்றே ஒன்றைத்தான் எழுத வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. வருகிற அம்மாவிடம் முதல் நாள், துடைப்பத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்னால், நீங்கள் இரண்டு பேரும் உட்கார வைத்துச் சொல்லுங்கள்: "உங்க வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லன்னா, நல்லது கெட்டது எதுவா இருந்தாலும், எங்ககிட்ட சொல்லுங்க. எத்தனை நாள் ஆனாலும் இந்த வேலை உங்களுக்குத்தான்." அவள் நம்ப மாட்டாள். எல்லா வீட்டிலும் சொல்லுகிற பேச்சு என்று நினைப்பாள். மறுபடியும் சொல்லுங்கள். பிறகு ஒரு நாள் அவள் வராமல் போகும்போது, அவள் இடத்தில் யாரையும் உட்கார வைக்காமல், நீங்களே பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டு காத்திருங்கள். அப்போதுதான் நம்புவாள். கண் சிவந்து வந்தால் ஏன் என்று கேள். கேட்டுவிட்டு, அவள் சொல்கிற முதல் பதிலோடு நிறுத்திவிடாதே.

மருமகளிடம் இந்தக் கடிதத்தைக் கொடு. மறைக்க வேண்டாம். அவளுடைய அத்தை எப்படிப்பட்டவள் என்று அவளுக்கும் தெரியட்டும். அடுத்த மாதம் நான் வருகிறேன். இந்த முறை ஓடிவர மாட்டேன். ஒரு நாள் காலையில் என்னை அந்தக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போ, மதிலைத் தாண்டி எங்காவது வழி இருக்கும். கையில் கொஞ்சம் பால் பாயசம் கொண்டுவருவேன். எந்த இடம் என்று எனக்குத் தெரியாது. கரையில் எங்கே ஊற்றினாலும் சரிதான்.

கடைசியாக ஒன்று. என் டிரங்குப் பெட்டியின் அடியில், உன் அப்பாவின் வேட்டிக்குக் கீழே, ஒரு சின்ன நீலச் சட்டை இருக்கிறது. என் காலத்துக்குப் பிறகு நீதான் அந்தப் பெட்டியைத் திறப்பாய். அம்மா என் குழந்தைச் சட்டையை இத்தனை வருஷம் வைத்திருந்தாளே என்று கண் கலங்கிவிடாதே. அது உன்னுடையது இல்லை ஐயா. அது ஏழுமலையுடையது.

உன் அம்மா